மலை ஏறிய வண்டியும் ஒரு கேன் தண்ணீரும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் வலி மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் வருகிறது, இனிப்பைப் பார்த்தால் போய்விடுகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி இருமல் இல்லாமல் நன்றாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் பாதி சொல்வதற்குள் உன் அப்பா போனைப் பிடுங்கித் தன் பங்கை மட்டும் பெரிதாக்கிச் சொல்லிவிடுவார், அப்புறம் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடும், கதை அந்தரத்தில் நிற்கும். அதனால் உட்கார்ந்து வரிசையாக எழுதிவிடுகிறேன், நீ பொறுமையாகப் படி. முதலில் இரண்டு செய்தி. ஒன்று, கேரம் கோப்பை வீட்டுக்கு வந்துவிட்டது, டிவி மேசையில் உன் கல்யாணப் படத்தைக் கொஞ்சம் நகர்த்தி அதற்கு இடம் செய்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இரண்டு, வண்டியை விற்கவில்லை, இனி விற்பதாகவும் இல்லை.

போன கோடையில் நெடுஞ்சாலையில் வண்டி புகைந்து நின்ற அன்று நீ போனில் என்னைத் திட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா ஸ்டியரிங், பேசாம டாக்சில போயிட்டு வா" என்றாய். பயத்தில் சொன்னாய், புரிகிறது. ஆனால் அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைக் கேள், நான் கொஞ்சமும் பதறவில்லை. அவள்தான், என்னோடு ஜோடியாகக் கேரம் ஆடுகிறவள், சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடுகிற நர்ஸ், நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஊசி அத்தை என்று பெயர் வைத்தாயே அவளே. இஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் சிவப்புக்கு ஏறியதைப் பார்த்ததும் நான் ஓரம் கட்டி இஞ்சினை அணைத்துவிட்டேன், இருவரும் இறங்கி மரத்தடியில் நின்று வண்டி தன் கோபத்தையெல்லாம் ஆவியாக விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சித்தப்பாதான் கயிறு கட்டி இழுத்து வந்தார். இழுத்து வந்ததோடு நிற்காமல், "அண்ணி, இஞ்சின் போச்சு. எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் பழைய வண்டி வாங்குறாரு, சொன்னா வந்து எடுத்துட்டுப் போயிடுவாரு" என்று வாசலிலேயே வைத்துச் சொன்னார். தெருவே கேட்டது. எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை மகளே. இரும்புக்காக இல்லை. உன் அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளப் போவதும் இல்லை. அந்தச் சாவி என் கையில் இருக்கும் வரைதான் நான் யாரையும் கேட்காமல் வீட்டை விட்டுக் கிளம்ப முடியும். அது போனால் ஒவ்வொரு கேரம் ஆட்டத்துக்கும் சித்தப்பாவிடம் போய் நிற்க வேண்டும், அவரும் கூட்டிக்கொண்டு போவார், போகிற வழியெல்லாம் சொல்லிக்காட்டவும் செய்வார்.

மறுநாளே வண்டியைக் கண்ணாடிக்காரரின் பட்டறைக்குத் தள்ளச் சொன்னேன். அவரை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு பெட்ரோல் பங்குக்குப் பின்னால் பட்டறை போட்டவர், மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும், மூக்கில் இருந்து நான் பார்த்ததே இல்லை. அவர் ஆறின இஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து என்னையும் அப்பாவையும் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே வெள்ளையாக ஒரு படை, வெந்நீர்க் கெட்டிலின் அடியில் பிடிக்குமே அதே மாதிரி, அதற்கு மேல் துருவும் சேறும் கலந்த ஒரு கூழ். இஞ்சினைக் குளிர வைக்க ஊற்றுகிற கூலன்ட் என்று சொல்ல அதில் நிறமே இல்லை. "என்ன தண்ணி ஊத்துறீங்க" என்று கேட்டார். அப்பாவுக்கு அந்தக் கேள்வி பெருமையாக இருந்தது. வண்டியைக் கவனிப்பது தன் இலாகா என்று சொல்லிக்கொண்டு ஞாயிறு தவறாமல் கழுவி, தோட்டத்துக் குழாயைப் பிடித்து மேலே தளும்பத் தளும்ப ஊற்றுகிறவர் அவர்தானே. "நம்ம வீட்டு போர் தண்ணிதான், கண்ணாடி மாதிரி இருக்கும், குடிச்சுப் பாருங்க" என்றார். மெக்கானிக் சிரிக்கவில்லை. "குடிக்க நல்லாத்தான் சார் இருக்கும். நாம குடிச்சா வெளிய போயிடும், இது உள்ளயே கொதிச்சுக் கொதிச்சு உப்பை விட்டுட்டுப் போவுது. இஞ்சின் போகலை. மூச்சு அடைச்சிருக்கு, அவ்வளவுதான்" என்றார். மருந்து ஊற்றிக் கழுவி எடுத்தால் பிழைத்துக்கொள்ளும், ஆனால் இனிமேல் பாதி கூலன்ட் பாதி நல்ல தண்ணீர், வெறும் குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது, என்று கறாராகச் சொன்னார். தோட்டத்துக் குழாய் வீட்டில்தான் இருந்தது, ஆனால் வீடு வந்து சேரும்வரை அப்பா வழியில் இருந்த தெருக்குழாய்களையெல்லாம் ஏதோ துரோகி மாதிரி முறைத்துக்கொண்டே வந்தார் என்று சொன்னால் நம்ப மாட்டாய்.

சரி, நல்ல தண்ணீர் என்றால் எது. அன்றைக்கு ஆரம்பித்த சண்டை ஒரு வாரம் ஓடியது. அப்பா சொன்னார், கடையில் பாட்டிலில் விற்கிற மினரல் வாட்டர்தான் நல்லது, மனுஷனுக்கே அதைத்தானே கொடுக்கிறார்கள் என்று. ஊசி சொன்னாள், கொதிக்க வைத்து ஆற வைத்தால் எல்லாம் செத்துவிடும் என்று. அவளுக்கு எதுவாக இருந்தாலும் கொதிக்க வைக்க வேண்டும். சித்தப்பா போனில் கூப்பிட்டு ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர்தான் சுத்தம், தான் அதைத்தான் ஊற்றுவதாகச் சொன்னார். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அந்த ஒரு விஷயத்தில் நான் உன் சித்தப்பா கட்சி. நான் வேலை பார்க்கிற பல் டாக்டர் கிளினிக்கில் கருவிகளை ஆவியில் அவிக்கிற பானை ஒன்று என் பொறுப்பில் இருக்கிறதே, அதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் தவிர வேறெதுவும் ஊற்றக்கூடாது, ஊற்றினால் வெள்ளை பிடித்துவிடும். காய்ச்சி வடித்தது என்றால் ஆவி குளிர்ந்து தண்ணீரானதுதானே, ஏசியிலும் அதேதானே நடக்கிறது, அப்புறம் ஏன் கேன் வாங்க வேண்டும் என்று நானே மனத்துக்குள் சாமர்த்தியமாகக் கணக்குப் போட்டு, கிளினிக் ஏசிக் குழாய்க்கு அடியில் வாளி வைத்துப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா தன் பங்குக்கு மினரல் வாட்டரோடு வந்து நின்றார். இரண்டு பேரும் ரேடியேட்டருக்கு இரு பக்கமும் நின்றுகொண்டு யார் ஊற்றுவது என்று வாதாடியதைப் பக்கத்து வீட்டு மருமகள் மாடியிலிருந்து வேடிக்கை பார்த்தாள்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது, வாயால் வாதாடுவானேன் என்று. நடு அறை டீப்பாயின் கறுப்புக் கண்ணாடிப் பலகையைக் கழற்றி பால்கனியில் வெயிலில் வைத்தேன். அதன் மேல் வரிசையாக ஒவ்வொரு தண்ணீரிலும் ஒரு கரண்டி. போர் தண்ணீர், அதையே கொதிக்க வைத்தது, பாட்டில் தண்ணீர், மொட்டை மாடித் தொட்டியில் பிடித்த மழைத் தண்ணீர், என்னுடைய ஏசித் தண்ணீர், கடைசியில் கிளினிக்கில் டாக்டரிடம் சொல்லிவிட்டு வாங்கி வந்த காய்ச்சி வடித்த தண்ணீர் கொஞ்சம். எது எது என்று ஓரத்தில் டேப் ஒட்டி எழுதினேன். அப்பா நாற்காலி போட்டு, பூனை மிதித்துவிடாமல் காவல் உட்கார்ந்தார், அவருக்குத் தன் பாட்டில் ஜெயிக்கும் என்று அவ்வளவு நம்பிக்கை. வெயிலில் எல்லாம் காய்ந்ததும் போய்ப் பார்த்தோம். போர் தண்ணீர் இருந்த இடத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வட்டம். கொதிக்க வைத்ததிலும் வட்டம்தான், கொதித்தால் கிருமிதான் சாகும், உப்பு எங்கே சாகப் போகிறது. பாட்டில் தண்ணீரில் மெலிசாக, ஆனால் அழகாக ஒரு வெள்ளை வளையம், அப்பா அதை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியிலேயே அழுக்கு இருந்திருக்கும் என்றார். மழைத் தண்ணீரில் மாடித் தூசி. என் ஏசித் தண்ணீரில் உப்பு வளையம் இல்லை, எனக்குச் சந்தோஷம், ஆனால் கிட்டே குனிந்து பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு பிசுக்கு. காய்ச்சி வடித்தது இருந்த இடத்தில் எதுவுமே இல்லை. டேப்பைப் பார்த்துத்தான் இங்கே தண்ணீர் இருந்தது என்று கண்டுபிடித்தேன். அந்தப் பிசுக்கைப் பற்றி மெக்கானிக்கிடம் சொன்னதற்கு, ஏசிக்குள்ளே இருக்கிற தூசியும் பாசியும், கம்பிச்சுருளில் இருந்து வருகிற உலோகத் துணுக்கும் அதில் கலந்து வரும் என்றார். "சுத்தமா பிறக்குதும்மா, வர்ற வழியில கெட்டுப் போவுது" என்றார். நான் வாளியைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டேன். அப்பா பாட்டிலைக் குடித்துவிட்டார்.

ஆக, காய்ச்சி வடித்ததுதான் நல்ல தண்ணீர், பெட்ரோல் பங்கில் பேட்டரித் தண்ணீர் என்று கேனில் விற்கிறார்களே, அதுதான். பேட்டரி ஆசிட் இல்லை, பேட்டரித் தண்ணீர், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே. ரேடியேட்டரை மருந்து ஊற்றிக் கழுவி, கழுவிய தண்ணீர் தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்பக் கழுவி, பச்சைக் கூலன்ட் பாதியும் அந்தத் தண்ணீர் பாதியுமாக நிரப்பினார் மெக்கானிக். அடைத்திருந்த குழாய் ஒன்றை மாற்றினார். முள் நடுவில் போய் உட்கார்ந்தது, பள்ளிக்கூடத்தில் நல்ல பிள்ளை உட்காருமே அப்படி. ஊருக்குள் ஓட்டினேன், நெடுஞ்சாலையில் ஓட்டினேன், அசையவில்லை. ஆனாலும் சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. சமதளத்தில் எந்த வண்டியும் ஓடும், மலை ஏறினால் தெரியும் சேதி என்றார். நானும் ஊசியும் ஆட வேண்டிய கேரம் இறுதி ஆட்டம் மேலே மலை ஊரில் என்று தெரிந்துதான் சொன்னார். பஸ்ஸில் போனால் ஆட்டம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்வோம், வண்டியை விட்டால் வழி இல்லை. "அண்ணி, நீங்க மலை ஏறி இறங்கிட்டா இந்த வண்டியைப் பத்தி நான் இனி வாயே திறக்க மாட்டேன். வழியில புகைஞ்சுதுன்னா மறுநாளே அந்த வண்டி வாங்குறவரு வந்து எடுத்துக்குவாரு, நீங்க மறுக்கக் கூடாது" என்றார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் சரி என்றேன்.

அன்று காலையில் நான், அப்பா, ஊசி மூன்று பேரும் கிளம்பினோம். டிக்கியில் கேரம் பவுடர், மாற்றுப் புடவை, ஸ்பேனர் பெட்டி, ஆபத்துக்கு ஒரு பெரிய கேன் பேட்டரித் தண்ணீர். அடிவாரத்தில் டீ குடித்தோம். ஏற ஆரம்பித்ததும் இஞ்சினுக்குச் சுமை குறையட்டும் என்று ஏசியை அணைத்துவிட்டேன், ஊசிக்கு வேர்த்து வேர்த்துக் குடிதண்ணீரை எல்லாம் அவளே காலி செய்தாள். பாதி மலை வந்திருக்கும், ஒரு வளைவைத் திரும்பினால் ஓரத்தில் சிவப்பு வண்டி ஒன்று முன்பக்க மூடியைத் தூக்கிக்கொண்டு ஆவி கக்கி நிற்கிறது. பக்கத்தில் நிற்பது யார் என்று பார்த்தால், மின்சார அலுவலகத்து ஜோடி. எங்களோடு இறுதி ஆட்டம் ஆட வேண்டியவர்கள். நான் போனில் புலம்புவேனே, நெட்டையம்மா, மோதிரக்காரி, அவர்கள்தான். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் எங்களைத் தோற்கடித்தவர்கள். நெட்டையம்மா துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனாள். நான் வண்டியை நிறுத்துவதற்கு முன்பே ஜன்னல் வழியாகக் கத்தினேன், "தொடாதீங்க, மூஞ்சில அடிக்கும்" என்று. என் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. அவள் கையை இழுத்துக்கொண்டாள். மோதிரக்காரி இதற்குள் பாறை இடுக்கில் ஓடுகிற தண்ணீரை பிஸ்கட் டப்பாவில் பிடித்துக்கொண்டு வந்தாள், செம்மண் கலந்து டீ மாதிரி இருந்தது. உன் அப்பா இறங்கிப் போய் அந்த டப்பாவை அவள் கையிலிருந்து மரியாதையாக வாங்கிக் கீழே ஊற்றிவிட்டு ஆரம்பித்தார் பார், உப்பு என்றால் என்ன, படிவு என்றால் என்ன, கொதிக்க வைத்தால் ஏன் போகாது, பாட்டில் தண்ணீரிலும் எப்படி வளையம் வரும் என்று, ஏதோ பிறந்ததிலிருந்தே பேட்டரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர் மாதிரி ஒரு பிரசங்கம். தோட்டத்துக் குழாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஊசி என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். "அக்கா, விடுங்க. மெக்கானிக்குக்குப் போன் பண்ணிக் கொடுத்துட்டுப் போயிடலாம். இவங்க வரலைன்னா கோப்பை நமக்குத்தான். நாம என்ன இவங்க வண்டியை உடைச்சோமா" என்றாள். மகளே, உன்னிடம் மறைப்பானேன், அவள் சொன்னதும் டிவி மேசையில் கோப்பை இருக்கிற மாதிரி ஒரு நிமிஷம் கண்ணில் தெரிந்துவிட்டது. போதாததற்கு எங்களிடம் இருந்தது ஒரே கேன். அதைக் கொடுத்துவிட்டால், மேலே செங்குத்தான பகுதி இனிமேல்தான், அங்கே நம் வண்டி சூடானால் ஊற்ற ஒரு சொட்டு இருக்காது, கோப்பையும் போகும் வண்டியும் போகும், சித்தப்பா வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருப்பார். நான் திரும்பிப் பார்த்தேன். நெட்டையம்மா சாலை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் உதவி கேட்கவில்லை, கேட்க மாட்டாள், அவள் அப்படித்தான். அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். நெடுஞ்சாலையில் மரத்தடியில் நின்றபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். நான் ஊசியிடம் சொன்னேன், "இவங்ககிட்ட ரெண்டு வருஷம் பலகையில தோத்தேன். ஜெயிச்சாலும் பலகையில ஜெயிக்கணும், ரோட்டுல வேண்டாம்." அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், ஆனால் கேனை டிக்கியிலிருந்து எடுத்து வந்தது அவள்தான்.

இஞ்சின் ஆறும்வரை காத்திருந்தோம், எல்லாருக்கும் நேரமாகிறது. ஆறின பிறகு துணியைப் போட்டு மூடியை மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி ஆவியைப் போகவிட்டுத் திறந்தேன். மேல் ரப்பர் குழாயின் கவ்வி தளர்ந்து அங்கிருந்து ஒழுகியிருக்கிறது, ஸ்குரூடிரைவரால் இறுக்கினேன். உள்ளே மிச்சம் இருந்தது சிவப்புக் கூலன்ட். நம்முடையது பச்சை. இரண்டு நிறமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் கட்டி தட்டிவிடலாம் என்று மெக்கானிக் முன்பே எச்சரித்திருந்தார். வெறும் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒன்றுதான் யாரோடும் சண்டை போடாது, எந்த வண்டிக்கும் போகும். அப்படியே கேன் முழுவதும் அவர்கள் வண்டி குடித்துவிட்டது. கீழே இறங்கியதும் பட்டறைக்குப் போய் மறுபடி கூலன்ட் சரியாகக் கலக்கச் சொல்லுங்கள், தண்ணீர் கூடிவிட்டது என்று சொன்னேன். மோதிரக்காரி என் கையைப் பிடித்தாள், மோதிரம் எல்லாம் குத்தியது. நெட்டையம்மா மட்டும் "ஏன் நிறுத்துனீங்க" என்று கேட்டாள். "ஏறுங்க, நேரமாச்சு" என்றேன்.

அவர்களை எனக்குப் பின்னாலேயே வரச் சொன்னேன். கடைசி வளைவுகள் இருக்கிறதே, அப்பப்பா, முன் கண்ணாடியில் சாலை தெரியாது, வானம்தான் தெரியும். இரண்டாவது கியரில் போகிறேன், இஞ்சின் முனகுகிறது. முள் நடுவை விட்டு மெல்ல எழுந்தது. அதுவரை பின்னால் இருப்பவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்த அப்பா அதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார், கல்யாணமான நாளிலிருந்து அவர் பேசாமல் இருந்து எனக்குப் பயம் வந்தது அன்றுதான். ஹீட்டரை முழுக்கத் திருப்பிவிட்டேன், இஞ்சினின் சூட்டை அது வண்டிக்குள் இழுத்துக்கொள்ளும். அடுப்பு மாதிரி அனல் எங்கள் முகத்தில் அடித்தது, ஜன்னல் எல்லாம் திறந்திருந்தும் ஊசி "அக்கா நான் அவிஞ்சு போறேன்" என்று புலம்பினாள். முள் நின்றது. அங்கேயே நின்றது. அடுத்த வளைவில் ஒரு மயிரிழை இறங்கியது. அப்புறம் சாலை சமமாகி மலை ஊரின் முதல் வீடுகள் தெரிந்தபோது அது நடுவுக்கு வந்துவிட்டது. அப்பா டாஷ்போர்டைத் தட்டிக்கொடுத்தார், மாட்டைத் தட்டுகிற மாதிரி. கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் சிவப்பு வண்டியும் வந்துகொண்டிருந்தது.

பள்ளிக்கூட மண்டபத்தில் நடுவர் பலகையை மூடி வைத்திருந்தார். இரண்டு ஜோடியும் ஒன்றாக, வேர்த்து வழிந்து, கையெல்லாம் கரியோடு உள்ளே நுழைந்ததைப் பார்த்து அவருக்குச் சிரிப்பதா திட்டுவதா தெரியவில்லை. "ஒரு ஜோடி வந்திருந்தா கோப்பையைக் கொடுத்து அனுப்பியிருப்பேன், ரெண்டு பேருமே லேட்டு, யாருக்குன்னு கொடுக்க" என்றார். கை கழுவிவிட்டு உட்காரச் சொன்னார். நெட்டையம்மா வழியில் நடந்ததை மறந்துவிட்டு ஆடினாள், அதுதான் அவளிடம் எனக்குப் பிடித்தது, ஒரு காயைக்கூட இரக்கப்பட்டு விடவில்லை. முதல் ஆட்டம் அவர்களுக்கு. இரண்டாவது எங்களுக்கு, ஊசி கை அன்று உண்மையிலேயே ஊசிதான். மூன்றாவதில் இரு பக்கமும் சமமாக வந்து கடைசிச் சுற்று. ராணி இன்னும் நடுவில். நெட்டையம்மா ராணியைக் குழியில் தள்ளினாள், ஆனால் அதோடு சொந்தக் காய் ஒன்றையும் போட்டால்தானே ராணி அவர்களுக்கு, அடுத்த அடியில் காய் குழியின் வாயில் போய் நின்றுவிட்டது. ராணி திரும்ப நடுவுக்கு வந்தது. என் முறை. எதிரில் ஊசி மூச்சு விடவில்லை. நான் ராணியை நேராக அடிக்கவில்லை, பக்கக் கட்டையில் மோதவிட்டு என் வலது குழிக்கு இழுத்தேன், மெதுவாக வழுக்கிப் போய் விழுந்தது. எங்களுக்கு மிச்சம் ஒரே ஒரு வெள்ளைக் காய், அது அவர்கள் கறுப்புக் காய்க்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. இந்தக் கையால்தான் காலையில் கவ்வியை இறுக்கினேன், விரல் இன்னும் வலித்தது. ஸ்ட்ரைக்கரை வைத்து, கறுப்பை உரசாமல் மெலிசாக வெள்ளையின் தோளைத் தொட்டேன். போய் விழுந்தது. ஊசி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள், அப்பா மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து கைதட்டிக்கொண்டே வந்தார், முழங்கால் வலி எங்கே போனதோ. நான் எழுந்திருக்கவில்லை, எழுந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. நெட்டையம்மா பலகைக்கு மேலேயே கை நீட்டி, "உங்க தண்ணியைக் குடிச்சுட்டு வந்து உங்களையே ஜெயிக்கலாம்னு பார்த்தேன், முடியலை" என்றாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பேரும் எங்கள் வீட்டில் ஆடுகிறோம்.

இறங்கி வந்தபோது சித்தப்பா வாசலில்தான் இருந்தார், வண்டி வாங்குகிறவரும் சும்மா பேச வந்த மாதிரி கூட நின்றார். நான் வண்டியை அவர்கள் முன்னால் நிறுத்தி, ஆறும்வரை இருந்து, மூடியைத் திறந்து காட்டினேன். பச்சையாக, தெளிவாக, ஒரு சொட்டும் குறையாமல் இருந்தது. வாங்க வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நல்லா வெச்சிருக்கிறவங்க ஏன் விக்கிறாங்க" என்று சித்தப்பாவையே கேட்டார். பாவம், உன் சித்தப்பா பேச்சு மாறாதவர், அன்றிலிருந்து வண்டியைப் பற்றி வாய் திறக்கவில்லை. போன வாரம் மட்டும் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு அந்தப் பேட்டரித் தண்ணீர் எந்தப் பங்கில் கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார். அப்பா என்னிடம் ரகசியமாக வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வேறு செய்தி என்ன, பக்கத்து வீட்டு மருமகள் என்னிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறாள், பிரேக்கை மட்டும் மிதிக்கிறாள், மற்றபடி கெட்டிக்காரி. கிளினிக்கில் டாக்டர் கோப்பையைக் கொண்டுவந்து வரவேற்பறையில் ஒரு நாள் வைக்கச் சொன்னார், வைத்தேன். நீ உன் வண்டியைப் பார்த்துக்கொள். அங்கே குளிர் என்பதால் வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதே, அது எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும் உறைந்து இஞ்சினையே பிளந்துவிடும், கூலன்டோடு கலந்துதான் ஊற்ற வேண்டும், எவ்வளவு குளிருக்கு எவ்வளவு என்று டப்பாவில் போட்டிருப்பார்கள், என்ன நிறம் என்ன வகை என்று வண்டிப் புத்தகத்தில் பார். இஸ்திரிப் பெட்டிக்கு விற்கிற வாசனைத் தண்ணீர் வேண்டாம். எங்கேயாவது நடுவழியில் மாட்டிக்கொண்டு வேறு வழியே இல்லாவிட்டால் குடிக்கிற தண்ணீரை ஊற்றிப் பட்டறை வரை போ, உயிரை விடவா வண்டி பெரிது, ஆனால் போனதும் கழுவி மாற்றச் சொல். சூடான மூடியை மட்டும் யார் சொன்னாலும் திறக்காதே. மாப்பிள்ளை அவசரக்காரர், அவரிடமும் சொல்.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், மனம் நிறைந்து நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். குட்டிக்கு எங்கள் இருவர் முத்தமும். லீவுக்கு வரும்போது விமான நிலையத்துக்குச் சித்தப்பாவை வரச் சொல்லலாமா என்று கேட்டிருந்தாயே, வேண்டாம். எத்தனை மணி விமானமாக இருந்தாலும் சரி, நீ பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது கூட்டத்தில் முன்னால் நிற்பேன், கையில் சாவி இருக்கும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நீ பின்னால் வசதியாக உட்கார், கண்ணை மூடித் தூங்கு. வீடு வரை நான் ஓட்டுகிறேன்.

இப்படிக்கு,
உன்னைச் சுமந்தவள், இப்போது கோப்பையையும் சுமந்து வந்தவள்,
அம்மா